வீட்டிலிருந்தே வேலை: யார் வீட்டிலிருந்து?

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால் தொழிலாளிக்கும் லாபம், கம்பெனிக்கும் லாபம் என்று 2020இலிருந்து ஒரு பேச்சு நடக்கிறது. பத்திரிகையில் எழுதுகிறார்கள், கருத்தரங்கம் போடுகிறார்கள், ஆழ்வார்பேட்டைக் காபிக் கடைகளில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்கிறார்கள். தொழிலாளிக்கு அலைச்சல் இல்லை, பெட்ரோல் செலவு இல்லை, பிள்ளைகளோடு இருக்கலாம். கம்பெனிக்கு வாடகை மிச்சம், கரண்ட் மிச்சம், வேலையை விட்டு ஓடுகிறவர்களும் குறைவு. இரண்டு தரப்புக்கும் வெற்றி, யாருக்கும் நட்டமில்லை என்கிறார்கள்.

யாருக்கும் நட்டமில்லை என்று இந்த நாட்டின் மேட்டுக்குடி சொல்லும்போதெல்லாம் கணக்கில் சேராத ஒருவர் எங்கேயோ இருக்கிறார். இது நமது பரம்பரை அனுபவம். இரண்டு தரப்பு என்கிறார்களே, வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண் எந்தத் தரப்பு? அவர் போகாமல் நின்றுவிட்ட ஆபீசில் தரை துடைத்துக்கொண்டிருந்தவர் எந்தத் தரப்பு? வேலை இருக்கிறது, படிப்பு இருக்கிறது, உட்கார்ந்து வேலை பார்க்க நாலு சுவர் இல்லை என்கிற நம் வீட்டுப் பிள்ளை எந்தத் தரப்பு?

வீட்டிலிருந்து வேலை பார்ப்பது கூடாது என்பது என் கட்சி அல்ல. அதில் நமக்கு லாபம் உண்டு, அதையும் எழுதுகிறேன். ஆனால் அந்தச் சொல்லில் 'வேலை'யைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். 'வீடு' என்ற சொல்லை யாரும் தொடமாட்டேன் என்கிறார்கள். நாம் அந்தச் சொல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1. தொலைவு யாருக்குப் புதுசு?

ஆபீசுக்குப் போகாமல் தொலைவிலிருந்து வேலை செய்வதற்கு ஒரு பெயர் வைத்தவர் அமெரிக்காவின் ஜாக் நில்ஸ். வருடம் 1973. 'டெலிகம்யூட்டிங்' என்றார். வரலாறு அங்கே தொடங்குவதாகத்தான் பாடம் நடத்துகிறார்கள்.

நமக்குத் தெரிந்த வரலாறு வேறு. ஊர் இங்கே, சேரி அங்கே. நடுவில் வயல், வாய்க்கால், சுடுகாடு. சேரியின் உழைப்பு ஊருக்குள் வரவேண்டும். உழைக்கிற உடம்பு வரக்கூடாது. நெல் களத்துக்கு வரலாம், நெல்லை விளைவித்தவர் திண்ணைக்கு வரக்கூடாது. ஆளைத் தூரத்தில் நிறுத்தி உழைப்பை மட்டும் கறந்துகொள்ளும் தொழில்நுட்பத்தைக் கம்ப்யூட்டர் வருவதற்கு எத்தனையோ நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த நாட்டில் சாதி கண்டுபிடித்துவிட்டது. சாதி என்பது வேலைகளைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாகப் பிரித்து அடுக்குவது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே சாதி ஒழிப்பைப் பற்றிய தம் நூலில் நிறுவினார். 2020இல் கொரோனா வந்ததும் 'சமூக இடைவெளி' என்று ஒலிபெருக்கியில் சொன்னபோது நம்மில் பலருக்குச் சிரிப்பு வந்தது. சமூக இடைவெளியா? அதைத்தானே காலங்காலமாகக் கடைப்பிடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள்!

வீட்டிலிருந்து வேலை பார்ப்பதும் புதுசு இல்லை. குடியாத்தத்திலும் மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிற பெண்கள் மூன்று நாலு தலைமுறையாக வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறார்கள். இலையும் தூளும் கம்பெனியுடையது. திண்ணை அவர்களுடையது, விளக்கு அவர்களுடையது, நெஞ்சில் இறங்குகிற புகையிலைத் தூசு அவர்களுடையது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. மட்டம் என்று ஒதுக்குகிற பீடிக்குக் கூலி இல்லை. இவர்களுக்காக 1966இல் ஒரு சட்டம் வந்தது. அதை எதிர்த்து பீடி முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவள் எங்கள் தொழிலாளி ஆகமாட்டாள் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். 1974இல் மங்களூர் கணேஷ் பீடி வழக்கில்தான் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

வீட்டிலிருந்து வேலை என்றால் முதலாளி முதலில் செய்யப் பார்ப்பது என்ன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? 'நீ என் ஆள் இல்லை' என்று கைகழுவுவது. வீட்டுவழித் தொழிலாளர்களுக்கு மற்றத் தொழிலாளர்களுக்கு இணையான உரிமை வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. இந்தியா இன்றுவரை அதற்கு ஏற்புறுதி தரவில்லை. பீடி சுற்றுகிறவளுக்குத் தராத உரிமையை லேப்டாப்காரருக்கு மட்டும் தங்கத் தாம்பாளத்தில் வைத்துத் தருவார்கள் என்று நம் படித்த பிள்ளைகள் நம்ப வேண்டாம்.

2. ஆழ்வார்பேட்டைக் கணக்கு

மௌபரீஸ் சாலையாக இருந்து டி.டி.கே. சாலையான தெருவில் நடந்து பாருங்கள். எல்டாம்ஸ் சாலை, முர்ரேஸ் கேட் சாலை, சி.பி. ராமசாமி சாலை என்று திரும்பிப் பாருங்கள். தனி வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் எழுந்த பகுதி இது. மூன்று படுக்கையறை, அதில் ஒன்றை இப்போது 'ஆபீஸ் ரூம்' என்கிறார்கள். வீட்டிலிருந்து வேலை என்ற ஏற்பாடு இந்த வீட்டின் அளவுக்குத் தைத்த சட்டை.

என் அம்மா இந்தத் தெருக்களில் மூன்று வீடுகளில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அந்த வீடுகளின் பெயர் இங்கே வேண்டாம். எல்லாம் ஒரே மாதிரி வீடுகள்தான். அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அவங்க ஆபீஸ் போனப்ப காலைல ஒரு தபா பாத்திரம், அதோட போச்சு. இப்ப எல்லாரும் ஊட்லயே கீறாங்க. பதினோரு மணிக்கு டீ, மத்தியானம் சாப்பாடு, நாலு மணிக்கு மறுபடி டீ. சிங்க் ரொம்பிக்கினே இருக்குது. மிக்சி போடாத மீட்டிங் நடக்குது, பாத்திரத்த மெதுவா வை மீட்டிங் நடக்குது, பேன போட்டுப் பெருக்காத மீட்டிங் நடக்குது. நடக்குறதெல்லாம் அவங்களுக்கு. நிக்கிறது நானு. சம்பளம் மட்டும் அதே சம்பளம்."

ஒருவர் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால் அவருக்கு மிச்சமாகிற நேரம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இந்த ஐந்தாறு வாக்கியம் போதும். கம்பெனி தன் கேன்டீனை மூடியது. அந்தக் கேன்டீன் வேலை ஆழ்வார்பேட்டை அடுப்படிக்கு இடம் மாறியது. கேன்டீனில் அதற்கு ஒரு சம்பளமும் ஷிஃப்டும் இருந்தன. அடுப்படியில் அது அம்மா தலையில் சும்மா விழுந்தது. காலை முதல் மாலை வரை மூன்று கழிப்பறை இருக்கிற வீட்டில் நிற்கிற பெண்ணுக்கு ஒன்றையும் பயன்படுத்த அனுமதி இல்லை என்பதையும் இந்த லாபக் கணக்கில் யாராவது எழுதினால் நல்லது.

அதே 2020இன் தொடக்க மாதங்களை நினைத்துப் பாருங்கள். அடுக்குமாடிச் சங்கங்கள் வேலைக்காரப் பெண்களைக் கேட்டில் நிறுத்தின. நோய் விமானத்தில் வந்தது. தடை பஸ்ஸில் வந்தவர்களுக்கு. சம்பளம் கொடுத்தவர்களும் இருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. கொடுக்காதவர்களே மிகுதி. வீட்டிலிருந்து வேலை பார்த்தவருக்கு மாதக் கடைசியில் சம்பளம் வந்தது. அவர் வீட்டில் வேலை பார்த்தவருக்கு வரவில்லை.

3. தொலைவுக்குத் தள்ளப்பட்டவர்கள்

இந்த நகரத்தில் தொலைவில் இருந்து வேலை பார்க்கிறவர்கள் உண்மையில் யார்?

1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது பெரும்பாலும் மக்கள் இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள். மந்தைவெளியிலும் மயிலாப்பூரிலும் அந்தப் பழைய குடியிருப்புகள் இன்றும் உண்டு. 2000ஐ ஒட்டிக் கொள்கை மாறியது. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலிருந்து மக்களைப் பிடுங்கிக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பிறகு பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அப்படிப் போனவர்கள் எல்லோரும் தலித்துகள் அல்ல. மீனவர் உண்டு, இஸ்லாமியர் உண்டு. ஆனால் பெரும்பகுதி யார் என்று அந்தப் பிளாக்குகளில் நடந்தவர்களுக்குத் தெரியும். கண்ணகி நகரில் முதலில் கட்டிய வீட்டின் அளவு 195 சதுர அடி. 195 சதுர அடியில் ஒரு குடும்பம். ஆழ்வார்பேட்டையில் 'ஆபீஸ் ரூம்' என்று ஒதுக்குகிற அறைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

2021இல் வாரியத்தின் பெயரை 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாற்றினார்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் உச்ச நீதிமன்ற ஆணையைக் காட்டி வீடுகளை இடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே வாழ்ந்த ஒருவர் தீக்குளித்துச் செத்தார். மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதியிலேயே மாற்று வீடு தரப்படும் என்ற அறிவிப்பு அதற்குப் பிறகுதான் சட்டமன்றத்தில் வந்தது. ஆழ்வார்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு நாம் கொடுக்கிற விலை இதுதான்.

இந்த மக்களின் வேலை எங்கே இருக்கிறது? ஆழ்வார்பேட்டையில், மயிலாப்பூரில், அபிராமபுரத்தில். பெரும்பாக்கத்திலிருந்து இங்கே வர இருபது கிலோமீட்டருக்கு மேல். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது பெரிய உதவி. ஆனால் நேரத்தை யார் திருப்பித் தருவார்கள்? ஏழு மணிக்குக் கோலம் போட வேண்டிய பெண் நாலரை மணிக்கு எழுகிறார். வேலை செய்யும் வீட்டைத் தொலைவிலிருந்து துடைக்க முடியாது. ஆகவே தொலைவை அவரே சுமந்துகொண்டு வருகிறார். போக்குவரத்து அலைச்சல் மிச்சம் என்று மேலே சிலர் மகிழ்கிறார்களே, அவர்கள் விட்ட அலைச்சல் இல்லாமல் போகவில்லை. இங்கே இருக்கிறது.

இன்னொரு கொடுமையும் உண்டு. கண்ணகி நகரின் முதுகுக்குப் பின்னால்தான் பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடி மாளிகைகள் நிற்கின்றன. ஊரிலிருந்து துரத்திவிடப்பட்டவர்களுக்கு அங்கே ஒரு பிழைப்பு கிடைத்தது. ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, கேன்டீன், கேப் டிரைவர். 2020 மார்ச்சில் கம்ப்யூட்டர்களை வண்டியில் ஏற்றிப் பொறியாளர்களின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். துடைப்பத்தை யார் வீட்டுக்கும் அனுப்பவில்லை. ஒப்பந்தக்காரர் 'அப்புறம் கூப்பிடுறேன்' என்று போனை வைத்துவிட்டார். கம்பெனிக்கு மிச்சமானது வாடகையும் கரண்டும் என்று எழுதுகிறார்கள். துப்புரவுச் செலவும் மிச்சம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரிக்குள் எங்கள் சனங்களின் அடுப்பு இருக்கிறது.

4. ஒரு அறை, ஒரு கதவு

வீட்டிலிருந்து வேலை பார்ப்பதால் உற்பத்தி கூடுகிறது என்பதற்கு எல்லோரும் ஒரு ஆய்வைக் காட்டுகிறார்கள். சீனாவில் ஷாங்காய் நகரத்தில் 'சிட்ரிப்' என்ற பயண நிறுவனத்தின் கால்சென்டரில் நிக்கோலஸ் புளூம் என்ற பொருளியல் பேராசிரியரும் அவர் குழுவினரும் 2010-11இல் ஒன்பது மாதம் நடத்திய சோதனை. வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியது, வேலையை விட்டுப் போவது பாதியாகக் குறைந்தது. இந்த இரண்டு கணக்கையும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். காட்டாத மூன்றை நான் சொல்கிறேன்.

ஒன்று: அந்தச் சோதனையில் சேரவே ஒரு தகுதி வேண்டும். வீட்டில் வேலைக்கென்று தனி அறை இருக்க வேண்டும். அறை இல்லாதவர் வாசலிலேயே கழித்துக்கட்டப்பட்டார்.

இரண்டு: கூடிய 13 சதவீதத்தில் பெரும்பகுதி எப்படி வந்தது? இடைவேளையையும் நோய் விடுப்பையும் குறைத்துக்கொண்டு அதிக நிமிடம் வேலை பார்த்ததால் வந்தது.

மூன்று: அதே அளவு திறமை காட்டியும் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைப்பது குறைந்தது. கண்ணில் படாதவர் கருத்திலும் படவில்லை.

முதல் விஷயத்துக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் சுமார் 37 சதவீதம் ஒரே அறையில் வாழ்கின்றன. சமையல், படுக்கை, படிப்பு, பிரசவம், சாவு எல்லாம் அந்த ஓர் அறையில். இவர்களைப் பார்த்து 'வீட்டிலிருந்தே வேலை செய், உனக்கு லாபம்' என்பது கால் இல்லாதவருக்குச் செருப்பு இனாம் என்பது போல.

கால்வாய்க் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குப் பெயர்க்கப்பட்ட ஒரு பெண், பி.காம். முடித்தவள், என்னிடம் சொன்னது:

"அக்கா, இன்டர்வியூ மூணு ரவுண்டும் முடிஞ்சிச்சு. இங்கிலீசு நல்லா பேசுறன்னு சொன்னாங்க. கடைசில ஊட்ட வீடியோல காட்டுன்னாங்க. தனி ரூம் கீதா, கதவு கீதா, பின்னாடி சத்தம் வருமான்னு கேட்டாங்க. எங்க ஊட்ல அஞ்சு பேரு. எங்கண்ணி கைக்கொழந்தையோட படுத்துனு இருந்தாங்க. நான் போன செவுத்துப் பக்கமா திருப்பிக்கினே பேசுனேன். அட்ரஸ் கேட்டாங்க, சொன்னேன். திரும்பக் கூப்பிடுறோம்னாங்க. கூப்பிடவே இல்ல."

கம்பெனியின் பெயர் எதற்கு? எந்தக் கம்பெனியானாலும் கேள்வி அதுதான். முன்பெல்லாம் நம் பிள்ளைகளிடம் சான்றிதழ் கேட்டார்கள். இப்போது சுவரைக் கேட்கிறார்கள். சாதி, சுவரில் எழுதியிருக்கிறது.

5. நமக்கும் லாபம் உண்டு, மறுக்கவில்லை

ஆபீஸ் என்ற இடம் நமக்கு என்ன சொர்க்கமா? முதுகில் தட்டுகிற சாக்கில் பூணூல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதை அனுபவித்தவர்கள் எத்தனை பேர்! டிபன் பாக்ஸைத் திறந்ததும் 'ஓ, நான்வெஜ்ஜா' என்று நாற்காலியை நகர்த்துவது. 2014 ஏப்ரலில் 'தி ஹிந்து' நாளேட்டின் சென்னை அலுவலக உணவுக்கூடத்தில் அசைவம் கொண்டுவரக் கூடாது என்று நிர்வாகம் சுற்றறிக்கை விட்டது ஊருக்கே தெரிந்த செய்தி. வேலைக்காக இந்தப் பக்கம் வீடு தேடினால் 'வெஜிடேரியன் ஒன்லி' பலகை. வாடகைக்கு வீடு தரமாட்டான், வேலைக்குச் சீக்கிரம் வா என்பான்.

வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிற தலித் பெண்ணுக்கு இந்த அவமானங்களில் பாதி இல்லை. கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு அடுத்த மீட்டிங்கில் உட்காரலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு, கைக்குழந்தைக்காரிகளுக்கு, இரவு ஷிஃப்ட் முடிந்து பயந்து பயந்து திரும்புகிற பெண்களுக்கு இது உண்மையான விடுதலை. இதை மறுத்து எழுதினால் அது நம் பெண்களுக்குச் செய்கிற துரோகம்.

ஆனால் வேலைக்குள் நுழைந்த பிறகுதானே இந்தச் சுகம்? நுழைவாசலில் என்ன நடக்கிறது? சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தனியார் நிறுவன வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயருக்கு மூன்று பங்கு வாய்ப்பு என்றால் தலித் பெயருக்கு இரண்டு பங்குதான் இருந்தது. ஆளைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை, பெயரை மட்டும்தான் பார்த்தார்கள். தொலைவில் இருந்தால் சாதி தெரியாது என்பவர்களுக்கு இது பதில். தமிழ்நாட்டில் நாம் சாதிப் பெயரைப் பின்னால் போடுவதில்லை. அதனால் என்ன? முகவரியையே சாதிப் பெயர் ஆக்கிவிட்டார்கள். 'கண்ணகி நகர்' என்று எழுதினால் வேலை போய்விடும் என்று சொந்தக்காரர் வீட்டு முகவரியைக் கொடுக்கிற இளைஞர்கள் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு.

கடல் கடந்தும் இதே கதைதான். சிஸ்கோ நிறுவனத்தில் ஒரு தலித் பொறியாளரை உயர்சாதி மேலாளர்கள் ஒதுக்கினார்கள் என்று 2020 ஜூனில் கலிபோர்னியா அரசுத் துறையே வழக்குப் போட்டது. அந்த மேலாளர்கள் மீதான வழக்கை 2023இல் அதே துறை திரும்பப் பெற்றது. அந்த வருடமே பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அக்டோபரில் கலிபோர்னியா ஆளுநர் அதே போன்ற மசோதாவைத் தள்ளுபடி செய்தார். சாதிக்கு விசா கிடைக்கிறது. வைஃபை கிடைக்காதா?

6. 'ஊருக்குத் திரும்பு'

வீட்டிலிருந்து வேலை என்பதற்கு ஒரு காவிய முகமும் உண்டு. நகரத்தை விட்டு ஊருக்குப் போ, வேப்பமர நிழலில் லேப்டாப்பை வைத்து உலகத்துக்கே மென்பொருள் எழுது. சோஹோ நிறுவனம் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்துகிறது. அதன் ஸ்ரீதர் வேம்பு 2019இல் அந்தப் பக்கமே குடிவந்தார். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அங்கே வேலை கிடைக்கிறது, அது நல்லதுதான். நான் கேள்வி கேட்பது அந்த நிறுவனத்தை அல்ல, அதைச் சுற்றிப் பாடப்படுகிற 'கிராமியப்' பாட்டை.

எந்த ஊருக்குத் திரும்ப? 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் புகழ்ந்தவர்களுக்கு அண்ணல் முகத்தில் அடித்தாற்போலப் பதில் சொன்னார். குறுகிய புத்தியும் வகுப்புவாதமும் ஊறிய குட்டை அது என்பது அவர் சொன்னதன் சாரம். நம் தாத்தாக்கள் ஊரை விட்டு ஓடிவந்தது பஞ்சத்தால் மட்டுமல்ல. நகரத்து ஓட்டலில் பக்கத்து இலைக்காரன் யார் என்று கேட்காமல் சாப்பிடலாம். நகரத்து பஸ்ஸில் இடித்துக்கொண்டு நிற்கலாம். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கியது ஆழ்வார்பேட்டைக்குக் கூப்பிடு தூரத்திலிருக்கிற இராயப்பேட்டையில். நகரம் நமக்கு அச்சுக்கூடம் தந்தது, கூட்டம் போட மைதானம் தந்தது, சங்கம் தந்தது.

'ஊருக்குத் திரும்பு' என்றால் அவர்கள் தாழ்வாரத்துக்குத் திரும்புவார்கள். நம் பொறியாளன் சேரிக்குத் திரும்புவான். ஐந்து வருடம் சென்னையில் யாரோ ஒருவனாகத் தலைநிமிர்ந்து நடந்தவன், ஊர்த் தெருவில் பைக்கை ஓட்டிப் போகலாமா, இறங்கித் தள்ளிப் போகவேண்டுமா என்ற கேள்விக்குத் திரும்புவான். அவன் சம்பளம் ஊரில் பலர் கண்ணை உறுத்தும். அதற்கு என்ன நடக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

7. கம்பெனி கையில் இருக்கும் சாவி

இந்த ஏற்பாடு யார் விருப்பப்படி வருகிறது, யார் விருப்பப்படி போகிறது? 2020 நவம்பரில் மத்திய அரசு கால்சென்டர், பி.பி.ஓ. விதிகளைத் தளர்த்தி எங்கிருந்தும் வேலை வாங்கிக்கொள்ளலாம் என்றது. 2022 ஜூலையில் சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்கும் விதி வந்தது. 2025க்குள் எங்கள் ஊழியர்களில் 25 சதவீதம் பேர் ஆபீசுக்கு வந்தால் போதும் என்று டி.சி.எஸ். 2020இல் அறிவித்தது. 2023 அக்டோபரில் அதே நிறுவனம் எல்லோரும் ஐந்து நாளும் வாருங்கள் என்றது. இடையில் ஊருக்குப் போய் வீடு கட்டியவன் கதி? அதை யாரும் கேட்கவில்லை. போ என்றால் போகவேண்டும், வா என்றால் வரவேண்டும். இதற்குப் பண்ணையில் வேறு பெயர்.

2025 நவம்பரில் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் நடைமுறைக்கு வந்தன. சேவைத் துறையில் 'பரஸ்பரச் சம்மதத்தின் பேரில்' வீட்டிலிருந்து வேலை என்று அரசு பெருமையாகச் சொன்னது. பரஸ்பரச் சம்மதம்! பண்ணையாரும் பண்ணையாளும்கூடப் பரஸ்பரச் சம்மதத்தில்தானே இருந்தார்கள்?

எட்டு மணி நேர வேலை நாளுக்காக வைசிராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் உறுப்பினராக இருந்து வாதாடியவர் அம்பேத்கர். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடுகிற மசோதாவை நிறைவேற்றினார்கள். தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றதால் மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். தொழிற்சாலைக்கு வாசல் இருந்தது, அதனால் வாசலில் கொடி பிடித்துத் தடுக்க முடிந்தது. வீட்டில் நடக்கிற 12 மணி நேரத்தை எந்த வாசலில் நின்று தடுப்பீர்கள்? இரவு பத்து மணிக்கு மேனேஜர் அனுப்புகிற செய்திக்கு எந்தச் சங்கம் பதில் சொல்லும்? சங்கம் என்பது டீக்கடையில், கேன்டீனில், பஸ் நிறுத்தத்தில் பிறக்கிறது. தனித்தனி அறையில் பிறப்பதில்லை. முதலாளிக்கு மிச்சமானவற்றில் வாடகையைவிடப் பெரியது இதுதான்.

8. தொலைவிலிருந்து அள்ள முடியாதது

எல்லா வேலையும் கம்பிவழிப் போகாது. குப்பையைத் தொலைவிலிருந்து அள்ள முடியாது. சாக்கடைக்குள் 'ஆன்லைனில்' இறங்க முடியாது. எந்த வேலைகள் வீட்டுக்குள் போயின, எந்த வேலைகள் தெருவிலேயே நின்றன என்று பட்டியல் போடுங்கள். அந்தப் பட்டியலைச் சாதிப் பட்டியலோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். ஓரம்கூடப் பிசகாது.

ஆழ்வார்பேட்டை, சென்னை மாநகராட்சியின் ஒன்பதாவது மண்டலமான தேனாம்பேட்டையில் வருகிறது. அதிகாரிகள் வீட்டிலிருந்து கோப்பு பார்த்த அதே 2020இல், அக்டோபர் மாதம், இந்த மண்டலத்தின் குப்பை வேலை தனியார் கூட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. கைதட்டி, விளக்கேற்றி 'முன்களப் பணியாளர்' என்று பட்டம் கொடுத்தார்கள்; ஒப்பந்தக் கூலி ஆக்கினார்கள். 2025 ஆகஸ்டில் ஐந்தாவது, ஆறாவது மண்டலங்களுக்கும் அதே கதி வந்தபோது தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் அள்ளிப்போட்டுக் கொண்டுபோனார்கள். குப்பை அள்ளுகிறவர்களை அள்ளுவதற்கு மட்டும் இந்த அரசிடம் ஆள் பஞ்சமில்லை.

9. நாம் கேட்பது

தோழர்களே, 'வீட்டிலிருந்தே வேலை'யை நாம் எதிர்க்க வேண்டியதில்லை. அதை அதன் சொல்லைக் கொண்டே மடக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலை வேண்டுமா? முதலில் வீட்டைக் கொடு.

கால்வாய்க் கரையிலிருந்து பெயர்ப்பதை நிறுத்து. மாற்று வீடு என்றால் வேலை இருக்கிற இடத்தில், ஆழ்வார்பேட்டையிலும் மயிலாப்பூரிலும் கொடு. கதவு உள்ள ஓர் அறையாவது அதில் இருக்கட்டும்.

2024 நவம்பரில் கொளத்தூரில் 'முதல்வர் படைப்பகம்' என்று ஒன்றைத் திறந்தார்கள். படிக்க ஒரு தளம், குறைந்த கட்டணத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு தளம். நல்ல யோசனை. நம் சேரிகளில் அம்பேத்கர் படிப்பகமும் இரவுப் பள்ளியும் நடத்திய நமக்கு இந்த யோசனை பழகியதுதான். கண்ணகி நகரில், செம்மஞ்சேரியில், பெரும்பாக்கத்தில், ஒவ்வொரு பெரிய குடியிருப்புக்கும் அப்படி ஒன்று வேண்டும். மேசை, மின்விசிறி, இணையம், கதவு. அங்கிருந்து வேலை பார்க்கிற பிள்ளையை 'வீடியோவில் சுவரைக் காட்டு' என்று எவனும் கேட்கக்கூடாது. கேட்டால் அது பாகுபாடு என்று சட்டம் சொல்லவேண்டும். தனியார் துறையில் இடஒதுக்கீடு என்ற நம் கோரிக்கையில் இதுவும் ஒரு பிரிவு.

வீட்டிலா, ஆபீசிலா என்ற தேர்வு தொழிலாளியின் உரிமையாக வேண்டும். அந்த ஷாங்காய் சோதனைக்குப் பிறகு ஊழியர்களைத் தாங்களே தேர்ந்துகொள்ளச் சொன்னபோது பாதிக்கு மேற்பட்டவர்கள் இடம் மாறிக்கொண்டார்கள். லாபம் 13லிருந்து 22 சதவீதத்துக்கு ஏறியது. தொழிலாளி கையில் சாவியைக் கொடுத்தால் உனக்கும் லாபம்தான் என்று முதலாளியின் மொழியிலேயே சொல்லலாம். கரண்ட் பில்லும் இணையக் கட்டணமும் கம்பெனி கட்டவேண்டும். நேரம் முடிந்தால் போனை அணைக்கிற உரிமை வேண்டும். பீடி சுற்றுகிறவரையும் புரோகிராம் எழுதுகிறவரையும் சேர்த்து 177ஆம் ஒப்பந்தத்துக்கு ஏற்புறுதி தரவேண்டும்.

வீட்டு வேலைக்காரருக்கு மணிக்கணக்கில் கூலி, வார விடுமுறை, கழிப்பறை. உங்கள் வீடு இப்போது ஆபீஸ் ஆகிவிட்டது என்று நீங்கள்தானே சொல்கிறீர்கள்? ஆபீஸ் என்றால் அங்கே வேலை செய்கிறவர் எல்லோரும் தொழிலாளிதான். பாத்திரம் தேய்க்கிறவருக்கும் சேர்த்துத்தான் தொழிலாளர் சட்டம். மீட்டிங்கில் பேசுகிறவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அதே எட்டு மணி நேரம்தான் அடுப்படியில் நிற்கிறவருக்கும்.

இதில் எதையும் அவர்களாகத் தரப்போவதில்லை. வீட்டிலிருந்தபடியே வாங்கவும் முடியாது. அதற்குத் தெருவுக்குத்தான் வரவேண்டும்.